முடிபும் பதிவும்: இளம் மாணவர்க்குத் தொல்லியலை அறிமுகம் செய்தலில் அரிக்கமேட்டு அகழாய்வுகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவர்களுக்குத் தொல்லியலை அறிமுகம் செய்யும் முயற்சிகள் தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. ஆயினும் அவற்றுட் பல, அகழாய்வின் முடிபுகளை அறிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. அம்முடிபுகள் எவ்வகைச் சான்றுகளிலிருந்து, எவ்வகைத் தருக்கத்தின் வழியே பெறப்பட்டன என்பது மாணவர்க்குச் சொல்லப்படுவதில்லை. இக்குறையைச் சுட்டும் இக்கட்டுரை, முடிபு மாறிய பின்னரும் பதிவு நிலைத்து நிற்பதே தொல்லியலின் அடிப்படை என்பதை அரிக்கமேட்டு அகழாய்வுகளின் வழியே நிறுவுகிறது. கீழடியின் காலக்கணிப்பும் வகுப்பறைப் பயிற்சிகளும் இந்நோக்கில் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொல்லியல் கல்வி, மண்ணடுக்கியல், சூழமைவு, அரிக்கமேடு, கீழடி, கரிமக் காலக்கணிப்பு

முன்னுரை

எழுத்துச் சான்றுகள் இல்லாத காலத்தைப் பற்றியும், எழுத்துச் சான்றுகள் பேசாத மக்களைப் பற்றியும் அறிந்துகொள்ளத் துணைநிற்கும் துறை தொல்லியல். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களில் இத்துறைக்கு இடமளிக்கப்பட்டது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் வினாவோடு தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘அகழாய்வுகள்’ என்னும் விரிவானப் பகுதி இடம்பெற்றது. வரலாற்றுப் பாடத்திற்கு வெளியே மொழிப்பாடத்திலும் அகழாய்வு பேசப்பட்டது வரவேற்கத்தக்க மாற்றமாகும். 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் பள்ளிச் சுற்றுலாக்களுக்கு உரிய இடமாகவும் ஆகியுள்ளது.

இவ்வாறு மாணவருக்கும் தொல்லியலுக்கும் இடையிலான தொலைவு குறைந்துள்ள நிலையில், அவர்கள் இத்துறையிலிருந்து எதனைக் கற்றுக்கொள்கிறார்கள் என்னும் வினா முதன்மை பெறுகிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் அகழ்ந்தார், என்ன கிடைத்தது, எவ்வளவு பழமையானது என்னும் ஐந்து விவரங்களோடு தொல்லியல் முடிந்துவிடுமாயின், மாணவர் பெறுவது ஒரு செய்தித் தொகுப்பே ஆகும். அச்செய்திகள் எவ்வாறு அறிவாயின என்பது அவருக்குத் தெரியாமலே போகும். இப்போக்கைத் திறனாய்ந்து, அதற்கு மாற்றாக அமையத்தக்க ஓர் அறிமுக முறையை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அறிமுக முறையின் இரு குறைகள்

இன்று வழக்கிலுள்ள அறிமுக முறையில் இரண்டு குறைகள் காணப்படுகின்றன. முதலாவது, தொல்லியலைப் புதையல் தேடுதலோடு ஒப்ப வைக்கும் மனப்பாங்கு. அரிய பொருள் கிடைப்பதே அகழாய்வின் வெற்றி என்றும், ஒன்றும் கிடைக்காத குழி வீணான குழி என்றும் மாணவர் எண்ணத் தலைப்படுகின்றனர். மணலில் பொம்மைகளையும் நாணயங்களையும் புதைத்துவைத்துத் தோண்டி எடுக்கச் சொல்லும் பயிற்சிகள் இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன. உண்மையில், ஒரு பகுதியில் வாழ்விடத் தடயம் இல்லை என்பதும் ஒரு தரவே. குடியிருப்பின் எல்லை அதனாலேயே அறியப்படுகிறது.

இரண்டாவது குறை, பழமையை மட்டுமே மதிப்பீட்டு அளவுகோலாகக் கொள்வது. ஓர் அகழாய்விடம் எவ்வளவு முற்பட்டதோ அவ்வளவு பெருமைக்குரியது என்னும் கருத்து மேடைப் பேச்சுகளிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்துள்ளது. தம் மண்ணின் தொன்மை குறித்து மாணவர் பெருமிதம் கொள்வது இயல்பு, அதில் பிழையில்லை. ஆனால் பெருமிதத்திற்கு அடித்தளமாக ஓர் ஆண்டுக்கணக்கு மட்டுமே இருக்குமாயின், அக்கணக்கு மறுக்கப்படும் நாளில் அம்மாணவரிடம் இரண்டு வழிகளே எஞ்சும். ஒன்று, மறுப்பவரைப் பகைவராகக் கருதுவது; மற்றொன்று, தாம் கற்றதனைத்தும் பொய்யென்று கைவிடுவது. சான்றை எடுத்து மதிப்பிடுவது என்னும் மூன்றாவது வழி அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. இம்மூன்றாவது வழியே தொல்லியல் கல்வியின் பயன்.

பொருளும் சூழமைவும்

தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பு அது கிடைத்த இடத்தைச் சார்ந்தது. எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் விவரங்களே அப்பொருளின் சூழமைவு எனப்படும். சூழமைவை இழந்த பொருள் அழகியதாகவும் அரியதாகவும் இருக்கலாம். ஆனால் அது கடந்தகாலத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி மிகக் குறைவு.

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள அரிக்கமேட்டின் ஆய்வு வரலாறே இதற்குச் சான்றாகிறது. அங்குக் கிடைத்த மணிகளையும் கற்களையும் அவ்வூர்ச் சிறுவர்கள் பொறுக்கிவைத்திருந்ததாகவும், 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றைப் பெற்று ஆராய்ந்ததாகவும் கூறப்படுகிறது. அவற்றுள் மனிதத் தலை செதுக்கப்பட்ட ஒரு கல்லை ரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் பொறித்ததாக அவர் அடையாளம் கண்டார். அக்கண்டுபிடிப்பு அறிஞர் உலகின் கவனத்தை அரிக்கமேட்டின்பால் திருப்பியது.

ஆயினும் அக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அரிக்கமேட்டின் காலத்தைச் சொல்லிவிட முடியாது. மதிப்புமிக்க கற்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறக்கூடியவை. அகஸ்டஸ் காலத்துக் கல்லொன்று பல நூற்றாண்டுகள் கழித்தும் மண்ணில் விழுந்திருக்கலாம். அது எந்த அடுக்கில், எத்தகைய பானை ஓடுகளோடு கிடந்தது என்று தெரிந்திருந்தால் மட்டுமே அவ்வூரின் காலத்திற்கு அது உறுதியான சான்றாகியிருக்கும். அரிய பொருளைக் கையில் வைத்திருப்பதும் அதன் வழியே கடந்தகாலத்தை அறிவதும் வேறு வேறு என்பதை விளக்க, மாணவர் வயதையொத்த சிறுவர்களின் கையிலிருந்து தொடங்கும் இந்நிகழ்வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. தம் ஊர்ப்புறத்தில் கிடக்கும் பானை ஓட்டை எடுத்துவந்து ஆசிரியரிடம் கொடுக்கும் மாணவர், ஆர்வத்தினாலேயே அதன் சூழமைவைச் சிதைத்துவிடுகிறார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

வீலரின் தருக்கச் சங்கிலி

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், தென்னிந்தியத் தொல்லியலில் ஒரு பெரும் இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். தென்னிந்தியாவில் எண்ணற்ற ஈமச் சின்னங்களும் வாழ்விடங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் காலத்தை உறுதியாகச் சொல்ல வழியில்லை. கரிமக் காலக்கணிப்பு முறை அன்று நடைமுறையில் இல்லை. வில்லார்டு லிபியும் அவர்தம் குழுவினரும் 1949இல்தான் அதன் முடிவுகளை வெளியிட்டனர். எனவே, காலம் தெரிந்த ஒரு பொருளைக் கொண்டு காலம் தெரியாதவற்றை அறிய வேண்டிய தேவை இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த மதுச்சாடியின் பகுதியைக் கண்ட வீலர், அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்றறிந்து 1945இல் அங்கு அகழாய்வை மேற்கொண்டார்.

அவர் கையாண்ட தருக்கம் மாணவர்க்குப் படிப்படியாக விளக்கத்தக்கது. இத்தாலியின் அரெட்சோ நகரோடு தொடர்புடைய, செந்நிற மெருகு கொண்ட அரிட்டைன் வகை மட்கலன்கள் எக்காலத்தில் வனையப்பட்டன என்பது ஐரோப்பிய அகழாய்வுகளால் அறியப்பட்டிருந்தது. அவ்வகை ஓடுகள் அரிக்கமேட்டில் குறிப்பிட்ட மண்ணடுக்குகளில் கிடைத்தன. ஆகவே அவ்வடுக்குகள் ஏறத்தாழக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று வீலர் கணித்தார். அதே அடுக்குகளில் உட்புறத்தில் உருளியால் புள்ளி வரிசைகள் இடப்பட்ட ரௌலட்டட் வகை ஓடுகளும் கிடைத்தன. எனவே அவற்றின் காலமும் ஏறத்தாழ அதுவே என்பது அடுத்த படி. இனி ரௌலட்டட் ஓடுகள் வேறெந்த ஊரில் கிடைத்தாலும், அரிட்டைன் ஓடு இல்லாமலே அவ்வூரின் காலத்தை மதிப்பிடலாம் என்பது மூன்றாவது படி. 1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது வீலர் இம்மூன்றாவது படியைப் பயன்படுத்தி, அங்கிருந்த பெருங்கற்காலப் பண்பாட்டுக் காலவரிசையை வரையறுத்தார்.

இத்தாலியில் வனையப்பட்ட ஒரு தட்டு, கடல் கடந்து வங்கக் கடற்கரையில் உடைந்து, கருநாடகத்து உள்நாட்டுக் குடியிருப்பு ஒன்றின் காலத்தை அறியத் துணைநின்றமை இங்குப் புலனாகிறது. இச்சங்கிலியை உணர்ந்த மாணவர், ‘பிரம்மகிரியின் காலம் யாது?’ என்னும் வினாவிற்கு விடையை மட்டும் கூறுவதோடு நில்லார். அவ்விடை எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதையும் கூறவல்லவராவார். சங்கிலியின் ஒரு கண்ணி நகருமாயின் அதனைச் சார்ந்த பிறவும் நகரும் என்பதும் அவருக்கு விளங்கும்.

மாறிய முடிபும் மாறாத பதிவும்

அக்கண்ணி உண்மையிலேயே நகர்ந்தது என்பதே அரிக்கமேட்டின் தனிச்சிறப்பு. வீலர் தம் அறிக்கையை 1946இல் ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இதழில் வெளியிட்டபோது, கிழக்குக் கடற்கரையில் அமைந்த ஓர் ‘இந்திய-ரோமானிய வணிக நிலையம்’ என அரிக்கமேட்டைக் குறித்தார். ரோமத் தொடர்பே அவ்வூரின் எழுச்சிக்குக் காரணம் என்னும் கருத்து அத்தலைப்பிலேயே அடங்கியிருந்தது. ரௌலட்டட் ஓடுகளும் மத்தியதரைக் கடற்பகுதியின் தாக்கத்தால் தோன்றியவை என அவர் கருதினார். வீலரைத் தொடர்ந்து 1947 முதல் 1950 வரை அகழ்ந்த ழான்-மரி கசால், ரோமத் தொடர்புக்கு முற்பட்ட பெருங்கற்காலப் பண்பாட்டின் தடயங்களை அங்குக் கண்டறிந்தார்.

1980களில் விமலா பெக்லி இம்முடிபுகளை மீள்பார்வைக்கு உட்படுத்தினார். 1983இல் வெளிவந்த அவர்தம் கட்டுரைக்குப் புதிய அகழாய்வு எதுவும் அடிப்படையாக அமையவில்லை. வீலரும் கசாலும் வெளியிட்ட மண்ணடுக்குப் பதிவுகளையே அவர் மீண்டும் படித்தார். அரிட்டைன் ஓடுகள் தோன்றுவதற்கு முற்பட்ட அடுக்குகள் இருந்தமை வீலரின் அறிக்கையிலேயே பதிவாகியிருந்தது. அவ்வடுக்குகளிலும் ரௌலட்டட் ஓடுகள் இருந்தமையைக் கொண்டு, அவ்வகை மட்கலன் ரோமத் தொடர்பு வலுப்பெறுவதற்கு முன்னரே இந்தியாவில் வழங்கியது எனப் பெக்லி வாதிட்டார். பின்னர் 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் நடைபெற்ற அகழாய்வு, அரிக்கமேட்டுக் குடியிருப்பு வீலர் கருதியதைவிட முற்பட்ட காலத்திலேயே தொடங்கியது என்றும், ரோம வணிகம் ஓய்ந்த பின்னரும் நெடுங்காலம் ஏதோவொரு வகையில் தொடர்ந்தது என்றும் காட்டியது. அவ்வகழாய்வின் அறிக்கை ‘அரிக்கமேட்டின் பண்டைத் துறைமுகம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. ரோமத்தின் பெயர் தலைப்பிலிருந்து நீங்கியமை, அவ்வூரைப் பற்றிய புரிதலே மாறிவிட்டதைக் காட்டுகிறது. ரோமர் வந்ததால் தோன்றிய ஊர் என்னும் நிலையிலிருந்து, ரோமரும் வந்து சென்ற ஊர் என்னும் நிலைக்கு அரிக்கமேடு உயர்ந்தது.

இம்மாற்றத்தில் மாணவர் கற்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீலரின் முடிபு திருத்தப்பட்டது. ஆனால் அதைத் திருத்துவதற்கான சான்றை வழங்கியதும் வீலரின் பதிவே. அகழாய்வுக் குழிகளுக்கு இடையே மண்சுவர்களை விட்டுவைத்து, வெட்டுமுகத்தில் தெரியும் அடுக்குகளை வரைந்து எண்ணிட்டு, ஒவ்வோர் ஓட்டையும் அது கிடைத்த அடுக்கோடு இணைத்துப் பதிந்து, அடுத்த ஆண்டே வெளியிட்டமையால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து மற்றோர் அறிஞர் அதே தரவைக் கொண்டு அவரை மறுக்க முடிந்தது. அகழாய்வு என்பது தன் மூலத்தைத் தானே அழித்துச் செல்லும் ஆய்வு. ஏட்டுச் சுவடியை மீண்டும் படிக்கலாம். அகழ்ந்த மண்ணை மீண்டும் அகழ முடியாது. ஆதலின், பின்வருவோர் தம்மை மறுப்பதற்கு உரிய வழியைத் திறந்துவைக்கும் கடமை தொல்லியலாளருக்கு உண்டு. பதிவின் மீதான இந்நாணயமே இத்துறையின் அறம். ஆண்டுகளையும் பெயர்களையும் மனனம் செய்யும் மாணவருக்கு இவ்வறம் ஒருபோதும் புலப்படுவதில்லை.

காண்பதும் கருதுவதும்

அரிக்கமேட்டிலிருந்து பெறத்தக்க மற்றொரு பாடம், கண்டதையும் கருதியதையும் பிரித்தறிதல். அங்குச் செங்கல்லால் கட்டப்பட்ட தொட்டிகளும் அவற்றோடு இணைந்த வடிகால்களும் வெளிப்பட்டன. அவை மெல்லிய துணிகளுக்குச் சாயமிடப் பயன்பட்ட தொட்டிகளாக இருக்கலாம் என்பது வீலரின் கருத்து. தொட்டிகளின் அளவு, செங்கற்களின் அமைப்பு, வடிகாலின் போக்கு ஆகியன காட்சி அளவை சார்ந்தவை. சாயத்தொழில் என்பது கருதல் அளவை சார்ந்தது. காட்சி, கருதல் என்னும் அளவைகளைப் பிரித்துப் பேசும் மரபு தமிழ்த் தத்துவ நூல்களுக்குப் புதியதன்று; புகையைக் கண்டு நெருப்பைக் கருதுதல் என்னும் எடுத்துக்காட்டைத் தமிழ் பயிற்றும் ஆசிரியர் நன்கறிவர். தொல்லியலின் அடிப்படையைத் தமிழ் வகுப்பிலேயே விளக்குவதற்கு இம்மரபு துணைசெய்யும்.

பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் ‘சாயத்தொட்டிகள் கிடைத்தன’ என்னும் வகையில் தொடர்கள் அமையும்போது கண்டதும் கருதியதும் ஒன்றாகிவிடுகின்றன. ‘தொட்டிகள் கிடைத்தன, அவை சாயத்தொழிலுக்கு உரியவையாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது’ என எழுதுவதற்குச் சில சொற்களே மிகுதி. அச்சொற்கள் மாணவரை வினவத் தூண்டும்: சாயத்தின் எச்சம் ஏதேனும் கிடைத்ததா? தொட்டி வேறு பயன்பாட்டிற்கு உரியதாக இருக்கக் கூடாதா? வேறு ஊர்களில் இத்தகைய தொட்டிகள் உள்ளனவா? விடை தெரியாத வினாக்களையும் எழுப்பத் தெரிந்த மாணவரே தொல்லியலின் வாயிலுக்கு வந்தவர் எனலாம்.

கீழடியும் காலக்கணிப்பும்

தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலும் அறிந்த அகழாய்விடம் கீழடியே. இந்தியத் தொல்லியல் துறையால் 2015இல் தொடங்கப்பெற்ற அகழாய்வு, 2018 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் தொடரப்பட்டது. 2019இல் வெளியிடப்பட்ட மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை, கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது. இம்முடிபை மாணவர் நன்கறிவர். ஆனால் அதன் பின்னுள்ள தருக்கமும் எளியதே. அதனையும் அவர்கள் அறியலாம்.

353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஏறத்தாழக் கி.மு. 580ஐச் சார்ந்தது எனவும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205ஐச் சார்ந்தது எனவும் கணிக்கப்பட்டன. ஆழமான அடுக்கு முற்பட்டதாகவும் மேலடுக்கு பிற்பட்டதாகவும் அமைந்தமை, மண்ணடுக்கு வரிசையும் கரிமக் கணிப்பும் ஒன்றையொன்று ஆதரிப்பதைக் காட்டுகிறது. காலம் கணிக்கப்பட்ட அடுக்குகளுக்குக் கீழும் மேலும் பண்பாட்டுப் படிவுகள் இருந்தமை, குடியிருப்பின் முழுக்காலம் இவ்விரு ஆண்டுகளுக்குள் அடங்காது என்பதையும் உணர்த்துகிறது. இவ்வளவும் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு ஒரு பாடவேளையில் விளக்கத்தக்கதே.

இதனோடு மூன்று எச்சரிக்கைகளையும் சேர்த்துக் கூறுதல் நேர்மையாகும். முதலாவது, கணிக்கப்படுவது கரியின் காலம். அதாவது அம்மரம் உயிரோடிருந்த காலம். முதிர்ந்த மரத்தின் உட்பகுதி எரிந்திருப்பின், அது எரிக்கப்பட்ட நாளைவிடக் கணிப்பு முற்பட்டுக் காட்டலாம். இரண்டாவது, ஓர் அடுக்கின் காலத்தை அங்குள்ள பானை ஓட்டுக்கும் அதில் கீறப்பட்ட எழுத்துக்கும் ஏற்றிக் கூறுவதற்கு, எலிவளையோ பிற்காலக் குழியோ அவ்வடுக்கைக் குலைக்கவில்லை என்பது உறுதிப்பட வேண்டும். மூன்றாவது, ஏறத்தாழக் கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப்பகுதியில் கரிமக் கணிப்பைத் திருத்தப் பயன்படும் அளவுக்கோடு ஏறக்குறைய கிடையாகச் செல்கிறது. ஆதலின் இக்காலப்பகுதிக்குரிய மாதிரிகள் பலவற்றிற்குத் துல்லியமான ஓர் ஆண்டைவிட அகன்றதொரு கால எல்லையே கிடைக்கும். உலகெங்கும் இக்காலப்பகுதியை ஆராய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் இயல்பான வரையறை இது. மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதும், மண்ணடுக்கு வரிசையோடு இணைத்துக் கணிப்பதும் இதனைக் கடக்கும் வழிகள்.

இவற்றை இளம் மாணவரிடம் கூறினால் கீழடியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கீழடியில் தொடக்க அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையின் மீது, இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதத்தில் திருத்தங்கள் கோரியதும், மண்ணடுக்கு வரிசையும் காலக்கணிப்பும் தம் முடிபை ஆதரிக்கின்றன என அவர் விடையளித்ததும் பொதுவெளியில் பெரிதும் பேசப்பட்டன. அவ்விவாதத்தைச் செய்தித்தாளில் படித்த மாணவருள், ‘மண்ணடுக்கு’ என்னும் சொல்லின் பொருளையும் அதற்கும் காலத்திற்குமுள்ள உறவையும் அறிந்தவர் எத்தனை பேர் என்பதே தொல்லியல் கல்விக்குரிய அளவுகோல். அறியாதவர்க்கு அது தரப்பினரின் சண்டையாக மட்டுமே தோன்றும். அறிந்தவர், எந்த அடுக்கு, எத்தனை மாதிரிகள், எந்தெந்தப் பொருள்களோடு என வினவித் தாமே ஒரு மதிப்பீட்டிற்கு வருவர்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

மண்ணடுக்கு முறையைக் கற்பிக்க அகழாய்விடம் தேவையில்லை. ஒரு வார காலம் நிரம்பிய வகுப்பறைக் குப்பைக்கூடையே போதும். அடியில் கிடப்பது முதலில் விழுந்தது என்னும் விதியை மாணவர் தாமே கண்டறிவர். தேதியிட்ட ஒரு தேர்வுத்தாள் நடுவில் கிடைத்தால், அதற்குக் கீழுள்ளவை அந்நாளுக்கு முன்னரே விழுந்திருக்க வேண்டும் என்று முதலில் கருதுவர். யாரேனும் கூடையைக் கிளறியிருந்தாலோ, பழைய தாள் ஒன்றை அன்றுதான் வீசியிருந்தாலோ அம்முடிபு பிழையாகும் என்பதையும் ஆசிரியர் எடுத்துக்காட்டலாம். வீலருக்கு அரிட்டைன் ஓடு செய்த பணியையே இங்குத் தேர்வுத்தாள் செய்கிறது. உணவு எச்சம் மட்கிப்போக நெகிழிப் பை எஞ்சுவதைக் காணும்போது, மண்ணில் எஞ்சுவது முழு வாழ்வன்று; வாழ்வின் ஒரு பகுதியே என்பதும் விளங்கும். பண்டைய வாழ்விடங்களில் பானை ஓடுகள் மிகுந்தும் துணியும் மரமும் அரிதாகியும் காணப்படுவதன் காரணம் இதுவே.

மணற்பெட்டி அகழ்வுப் பயிற்சியை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. அதன் மதிப்பெண் முறையை மாற்றினால் போதும். எத்தனை பொருளை எடுத்தார் என்பதற்கு மாறாக, எடுக்கும் முன் எவ்வளவு தெளிவாக வரைந்து அளந்து குறித்தார் என்பதற்கு மதிப்பெண் வழங்கலாம். ஒரு குழுவின் குறிப்பேட்டை மட்டும் மற்றொரு குழுவிடம் கொடுத்து, பெட்டி இருந்த நிலையை மீண்டும் வரையச் சொல்லலாம். வரைய முடியாதபோது பதிவில் விடுபட்டது யாது என்பதை மாணவர் தாமே உணர்வர். பெக்லிக்கும் வீலருக்கும் இடையிலான உறவு இப்பயிற்சியில் சிறிய அளவில் மீண்டும் நிகழ்கிறது.

களப்பயணங்களின்போது எதையும் தோண்டக் கூடாது, எடுக்கக் கூடாது என்னும் நெறி முதலில் வலியுறுத்தப்பட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றி அகழ்வதைத் தடைசெய்கிறது. சட்டம் தடுக்கிறது என்பதோடு நில்லாமல், ஏன் தடுக்கிறது என்பதையும் மாணவர் அறிந்திருப்பின் அந்நெறி அச்சத்தால் அன்றி அறிவால் பின்பற்றப்படும். மேற்பரப்பில் காணும் ஓடுகளை இருந்த இடத்திலேயே வைத்து ஒளிப்படம் எடுத்தல், இடத்தைக் குறித்தல், தொல்லியல் அலுவலருக்குத் தெரிவித்தல் ஆகியன மாணவரால் இயலும் பணிகளே.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

இத்தகைய அறிமுக முறைக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். இளம் மாணவர்க்கு ஐயங்களைக் கற்பிப்பது குழப்பத்தையே விளைவிக்கும் என்பது ஒன்று. எந்தப் பாடத்தின் அடிப்படை அமைப்பையும் எந்த வயதினர்க்கும் அதன் உண்மை கெடாத ஒரு வடிவில் கற்பிக்க இயலும் என்னும் கருத்தைக் கல்வியியலாளர் ஜெரோம் புரூனர் 1960இலேயே முன்வைத்தார். குப்பைக்கூடையின் அடுக்கு ஆறாம் வகுப்பிற்கும், அரிட்டைன் சங்கிலி ஒன்பதாம் வகுப்பிற்கும், கரிம அளவுக்கோடு மேல்நிலை வகுப்பிற்கும் எனப் பகுத்துக்கொண்டால் குழப்பத்திற்கு இடமில்லை.

பாடவேளை போதாது, தேர்வில் இவை வினவப்படுவதில்லை என்பது இரண்டாவது வாதம். இது நடைமுறை சார்ந்த, மறுக்கவியலாத இடர்ப்பாடு. பத்து அகழாய்விடங்களின் பெயர்ப்பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் ஓர் அகழாய்விடத்தை முழுமையாகக் கற்பிப்பதே இதற்குரிய தீர்வு. வினாத்தாள் அமைப்போர், ஆண்டைக் கேட்கும் ஒரு வினாவிற்கு மாற்றாக, மண்ணடுக்கு வரைபடம் ஒன்றைத் தந்து எது முற்பட்டது, ஏன் என வினவும் ஒரு வினாவைச் சேர்த்தால் கற்பித்தலும் தானே மாறும்.

பெருமிதம் இன்றி ஆர்வம் பிறக்காது என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு. ஆயினும் அரிக்கமேட்டு ஆய்வு வரலாறு பெருமிதத்தைக் குறைப்பதாயில்லை. உள்நாட்டு மக்களின் முயற்சிக்கு உரிய இடம் அங்கு மீட்கப்பட்டது முழக்கத்தால் அன்று. மண்ணடுக்கை மறுபடி படித்ததால். சான்றின் வழியே பெற்ற பெருமிதமே மறுப்பைத் தாங்கி நிற்கவல்லது.

முடிவுரை

இளம் மாணவர்க்குத் தொல்லியலை அறிமுகம் செய்தல் என்பது கண்டுபிடிப்புகளின் பட்டியலை அளிப்பதோடு நிறைவுறுவதாகாது. பொருள் சூழமைவோடு இணைந்தே பொருள்படும், காண்பது வேறு கருதுவது வேறு, காலக்கணிப்பு தருக்கச் சங்கிலியைச் சார்ந்தது, முடிபு திருந்தலாம் ஆயின் பதிவு பிழைபடலாகாது என்னும் நான்கு கருத்துகளும் அவ்வறிமுகத்தின் உள்ளடக்கமாதல் வேண்டும். இந்நான்கையும் ஒருங்கே காட்டும் அகழாய்விடமாக அரிக்கமேடு திகழ்கிறது. அதனைக் கற்ற மாணவர் கீழடியையும் இனி அகழப்படவிருக்கும் ஊர்களையும் அணுகும் முறை வேறாக இருக்கும். கற்போருள் மிகச் சிலரே தொல்லியலாளர் ஆவர். எஞ்சியோர் அனைவரும் தொல்லியல் செய்திகளைப் படித்து மதிப்பிடும் குடிமக்களாவர். அவர்களுக்காகவேனும், என்ன கிடைத்தது என்னும் வினாவோடு எவ்வாறு தெரிந்தது என்னும் வினாவும் வகுப்பறையில் ஒலிக்க வேண்டும்.